மூன்று வெடியை நம்பலாமா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஆயிரம் யார் (கஜம்) தூர இலக்குச் சுடுதல் பற்றி எழுதியிருந்தேன். காற்றையும் அதைக் காட்டும் கொடியையும் பற்றித்தான் கேட்பார்கள் என்று நினைத்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டில் துவக்கு ரவை நிரப்புவதைப் பற்றியவை. சரி, அந்த வழியிலேயே போவோம்.

புதிதாக வாசிப்பவர்களுக்குச் சுருக்கமாக: ஒரு ரவையில் நான்கு பொருட்கள் உண்டு. பித்தளைக் கோது, அதன் அடியில் பிறைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்ட கோதை எடுத்துத் துப்புரவாக்கி, பழைய அளவுக்கு நெருக்கி, மற்ற மூன்றையும் புதிதாக வைப்பதுதான் றீலோடிங். கனடாவில் துவக்கு உரிமம் உள்ளவர் தன் சொந்தப் பாவனைக்கு இதைச் செய்யலாம்.

கேள்வி: அண்ணை, போன வருசம் .308 றைபிள் ஒன்று வாங்கினேன். கையேட்டில் உள்ள குறைந்த அளவில் தொடங்கி, மருந்தைப் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் மூன்று மூன்று ரவை சுட்டுப் பார்த்தேன். ஒரு படியில் 100 யாரில் மூன்று ஓட்டையும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு வந்தது. அந்தச் சந்தோசத்தில் அதே அளவில் ஒரு பெட்டி நிறைய நிரப்பிக்கொண்டு 1000 யாருக்குப் போனேன். மேலும் கீழுமாகச் சிதறிவிட்டது. நீங்கள் என்ன மருந்து, எத்தனை கிரெயின் (மருந்தையும் குண்டையும் நிறுக்கும் அலகு) போடுகிறீர்கள்? (ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகர்)

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: சொல்ல மாட்டேன். கஞ்சத்தனம் இல்லை. என் குழலின் உள்ளளவு வேறு, என் கோதின் சுவர்த் தடிப்பு வேறு, நான் வாங்கிய மருந்தின் தயாரிப்புத் தொகுதி வேறு. எனக்குச் சுகமாக வெடிக்கும் அளவு உங்கள் றைபிளில் அழுத்தத்தை எல்லை தாண்டிக் கொண்டுபோகலாம். மருந்து நிறுவனமும் குண்டு நிறுவனமும் வெளியிடும் கையேட்டில் உள்ள தொடக்க அளவுதான் உங்களுக்கும் தொடக்கம். யாராவது தன்னுடைய அளவைக் காதுக்குள் சொன்னால் கேட்டுவிட்டு மறந்துவிடுங்கள்.

இப்போது உங்கள் மூன்று ஓட்டை. அந்த மூன்றும் உங்களுக்கு எதையும் சொல்லவில்லை. ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரே குண்டு. முப்பது ரவை நிரப்புங்கள். அவற்றை மூன்று மூன்றாகப் பிரித்து, பத்துப் பொட்டலத்துக்கும் பத்து வெவ்வேறு அளவு என்று பொய்ப் பெயர் எழுதுங்கள். பிறகு வழக்கம்போல் பத்துக் கூட்டமாகச் சுடுங்கள். கூட்டம் என்பது இலக்கில் விழுந்த ஓட்டைகளின் தொகுப்பு; அது எவ்வளவு பரந்திருக்கிறது என்பதுதான் அதன் அளவு. அதில் ஒன்று அற்புதமாக வரும், ஒன்று கேவலமாக வரும். மிகச் சின்னக் கூட்டத்துக்கும் மிகப் பெரிய கூட்டத்துக்கும் இடையே மூன்று மடங்கு வித்தியாசம் வருவது சாதாரணம். பத்தும் ஒரே ரவைதான் என்று தெரிந்தபடியால் நீங்கள் சிரிப்பீர்கள். தெரியாதிருந்தால் அந்த அற்புதமான ஒன்றைக் கண்டுபிடிப்பு என்று நோட்டில் சிவப்பு மையால் வட்டமிட்டிருப்பீர்கள். போன வருசம் நீங்கள் செய்தது அதுதான்.

இது என் தனிப்பட்ட பிடிவாதம் இல்லை, கணக்கு. சுடச் சுடக் கூட்டம் பெருகும். இருபது வெடியின் கூட்டம் மூன்று வெடியின் கூட்டத்தைவிடச் சராசரியில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பெரிது. றைபிள் மாறவில்லை, ரவையும் மாறவில்லை; மூன்று வெடியில் வெளியே தெரியாத சிதறல் இருபதில் தெரிகிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது விசயம், 100 யார் உங்களுக்கு வேகத்தைக் காட்டாது. .308-இல் 155 கிரெயின் குண்டு, அதாவது ஏறத்தாழ 10 கிராம், வாய் வேகம் செக்கனுக்கு 2,950 அடி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ரவைக்கு இடையே 50 அடி வேக வித்தியாசம் இருந்தால் 100 யாரில் உயரம் இரண்டு மில்லிமீற்றர் அளவுக்குத்தான் மாறும். அது ஓட்டையின் விளிம்புக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். அதே 50 அடி 1000 யாரில் ஏறத்தாழ ஓர் அடி உயர வித்தியாசமாக வந்து நிற்கும். நீங்கள் பார்த்த மேலும் கீழும் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஆகவே ஒரு வேகமானி வாங்குங்கள், அல்லது கழகத்தில் இரவல் கேளுங்கள். லாப்றேடார் என்ற றேடார் வகை எங்கள் கியூபெக்கில் துறுவா றிவியேரில் உருவானது. 2023-இல் கார்மின் ஒன்றை வெளியிட்ட பிறகு, சட்டைப் பைக்குள் போகும் அளவுக்கு அது சுருங்கிவிட்டது. ஆனால் வேகமானியிலும் அதே பொறி இருக்கிறது, கவனம். ஐந்து வெடி சுட்டு நியம விலகல் (வேகங்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்று காட்டும் எண்) 10 என்று திரையில் வந்தால் அது 10 இல்லை. 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லக்கூடியது, உண்மையான எண் 6-க்கும் 29-க்கும் இடையில் எங்கேயோ இருக்கிறது என்பது மட்டும்தான். ஆறு என்றால் உலகப் போட்டிக்குப் போகலாம், இருபத்தொன்பது என்றால் திரும்ப மேசைக்குப் போக வேண்டும். இரண்டையும் ஒரே எண் சொல்கிறது. முப்பது வெடி சுட்டு 10 வந்தால் அந்த வீச்சு 8 முதல் 13 அல்லது 14 வரை சுருங்கும். அதை வைத்து ஒரு முடிவு எடுக்கலாம்.

நான் செய்வது இது. குறைந்த அளவிலிருந்து படிப்படியாக ஏறுவேன், ஆனால் கூட்டத்தைப் பார்ப்பதற்காக இல்லை. வேகம் எப்படி ஏறுகிறது, அழுத்தத்தின் அறிகுறி எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பதற்கு மட்டும். போல்ற் (ரவையை உள்ளே தள்ளிப் பூட்டும் பகுதி) தூக்கப் பாரமாக இருக்கிறதா, பிறைமரின் விளிம்பு தட்டையாகிவிட்டதா, கோதின் அடியில் பளபளப்பான தடம் விழுந்திருக்கிறதா. ஒன்று தெரிந்தாலும் அங்கேயே நிறுத்தி இறங்க வேண்டும். அறிகுறி எதுவும் தெரியாவிட்டாலும் கையேட்டின் உச்சத்தைத் தாண்டக்கூடாது. பிறகு அந்த எல்லையிலிருந்து நன்றாகத் தள்ளி, வசதியான ஒரு வேகத்தைத் தெரிந்தெடுத்து, அந்த ஒன்றையே முப்பது வெடி சுடுவேன். நல்லதென்றால் அதோடு சரி. இல்லையென்றால் 0.1 கிரெயின் முன்பின்னாகத் துழாவிக்கொண்டிருக்க மாட்டேன். குண்டையோ மருந்தையோ மாற்றிவிடுவேன். பெரிய மாற்றம் பெரிய வித்தியாசம் தரும். சின்ன மாற்றம் தரும் வித்தியாசம் பெரும்பாலும் அதிர்ஷ்டம்தான். கழகத்தில் இதைச் சொன்னால் இரண்டு பேராவது சண்டைக்கு வருவார்கள். அவர்களின் நோட்டைப் பார்த்தால் எல்லாமே மூன்று வெடிக் கூட்டமாக இருக்கும்.

கேள்வி: அப்படியென்றால் எவ்வளவு வேக வித்தியாசம் போதும்? ஒற்றை எண்ணில் வந்தால்தான் போட்டிக்குப் போகலாம் என்று ஒருவர் சொல்கிறார். (மிசிசாகாவிலிருந்து ஒரு வாசகர்)

இலக்கைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள், மனிதரைப் பார்த்து வேண்டாம். தொலைநோக்கியும் சாய்மானமும் வைத்துச் சுடும் எப்-கிளாஸ் போட்டியில் 1000 யார் இலக்கின் 5 புள்ளி வட்டம் ஏறத்தாழ 10 அங்குல விட்டம். அதற்குள்ளே வீ எனப்படும் நடு வட்டம் 5 அங்குலம். மேலே சொன்ன குண்டுக்கு, செக்கனுக்கு 10 அடி வேக மாற்றம் 1000 யாரில் இரண்டரை அங்குலம் உயர்த்தும் அல்லது இறக்கும். நியம விலகல் 10 என்றால் பெரும்பாலான வெடிகள் மேலே 5, கீழே 5 என்று பத்து அங்குலத்துக்குள் கிடக்கும். ஆனால் வட்டத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு. உங்கள் கைத் தவறுக்கும் கானலுக்கும் அங்கே இடமே மிஞ்சவில்லை. 7 அல்லது 8 வந்தால் எனக்குத் திருப்தி. 5-க்குக் கீழே இறக்கப் பாடுபடுவது பொழுதுபோக்கு. அதில் பிழையில்லை, ஆனால் புள்ளி கூடாது.

கேள்வி: நீங்கள் மெஷின் ஷொப்பில் வேலை செய்தவர் என்று கேள்விப்பட்டேன். கோதுகளை எப்படித் தயாரிக்கிறீர்கள்? யூரியூப்பில் ஒவ்வொருவரும் பதினைந்து இருபது படி சொல்கிறார்கள். எது தேவை, எது வீண்? (கிச்சினரிலிருந்து ஒரு வாசகர்)

அச்சு வெட்டுகிற வேலை, ஐயா. மைக்ரோமீற்றர் கையில் இருந்தால் எதையும் அளக்கலாம் என்ற வியாதி எங்களுக்கு உண்டு. அளக்க முடிகிறது என்பதற்காக அது முக்கியம் என்று ஆகாது. இதைத் தொழிலில் படித்தேன், இங்கேயும் பொருந்துகிறது.

முதலாவது, கோது. ஒரே நிறுவனம், ஒரே தொகுதி. நான் பின்லாந்தின் லபுவா கோது பாவிக்கிறேன். விலை அதிகம், ஆனால் திரும்பத் திரும்ப நிரப்பலாம் என்பதால் கடைசியில் நட்டமில்லை. பழைய கோதைப் பொறுக்கிக் கலந்து நிரப்புபவர் மற்ற எந்தப் படியையும் செய்யத் தேவையில்லை. செய்தும் பயன் இல்லை.

இரண்டாவது, கழுத்து. குண்டை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது என்பது எல்லா ரவையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பித்தளை ஒவ்வொரு தடவை விரிந்து நெருங்கும்போதும் கடினமாகும், பிறகு பழைய அளவுக்கு வராமல் கொஞ்சம் பின்வாங்கி நிற்கும். அதனால் கழுத்தையும் தோளையும் (கழுத்துக்குக் கீழே கோது அகலும் இடம்) மட்டும் சூடாக்கி இளக்குவார்கள். நானும் செய்கிறேன். கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: சூடு கோதின் அடிப்பகுதிக்குப் போகவே கூடாது. அழுத்தத்தைத் தாங்குவது அந்த அடிதான். அது இளகினால் கோதைக் குப்பையில் போடுங்கள்.

மூன்றாவது, தோள். சுட்ட கோதின் தோளை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோ பங்கு மட்டும் பின்தள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, கோதை நெருக்கும் அச்சை இறுதிவரை இறக்கினால் கோது ஒவ்வொரு தடவையும் நீண்டு, அடியில் மெலிந்து, ஒருநாள் இரண்டாகப் பிரியும்.

மருந்து நிறுப்பதைப் பற்றிப் பெரிய சண்டை நடக்கும். ஒரு கிரெயின் என்பது 64.8 மில்லிகிராம். நான் பாவிக்கும் வார்கெற் போன்ற நீள்மணி மருந்தில் ஒரு மணி ஏறத்தாழ 0.02 கிரெயின் இருக்கும். .308-இல் 0.1 கிரெயின் கூடினால் வேகம் செக்கனுக்கு ஐந்தாறு அடி கூடும். ஆக ஒரு மணி என்பது ஓர் அடி வேகம், 1000 யாரில் கால் அங்குலம். ஒரு மில்லிகிராம் வரை காட்டும் தராசு வைத்து மணி மணியாக எடுத்துப் போடுபவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் சந்தோசமாக இருக்கிறார்கள், இருக்கட்டும். ஆனால் 0.1 கிரெயினுக்குள் ஒழுங்காக நிறுக்கும் தராசு போதும். அதைவிட முக்கியம் அந்தத் தராசு மேசையில் ஆடாமல், காற்றோட்டம் படாமல், சூடேறி நிலைபெற்ற பிறகு பாவிக்கப்படுவது. பேஸ்மென்றில் கூரையில் இருக்கும் ஹீற்றர் துவாரத்துக்குக் கீழே தராசை வைத்துவிட்டு எண் ஓடுகிறது என்று நிறுவனத்தைத் திட்டுபவர்கள் உண்டு.

குண்டை எவ்வளவு ஆழத்தில் இருத்துவது? குழலுக்குள் வெட்டிய சுழல் வரிகள் தொடங்கும் இடத்துக்கும் குண்டுக்கும் இடையே உள்ள தூரம் சில குண்டுகளுக்கு மிகவும் முக்கியம், சிலவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஒன்று: வரியில் முட்டும்படி இருத்தினால் அழுத்தம் ஏறும், அதனால் மருந்தைக் குறைத்துவிட்டு மறுபடி கீழிருந்து தொடங்க வேண்டும்.

பிறைமரை ஒவ்வொன்றாக நிறுப்பது, கோதில் தண்ணீர் விட்டுக் கொள்ளளவு அளந்து வகைப்படுத்துவது, பிறைமரின் தீ மருந்துக்குப் போகும் தீத்துளையைச் சுரண்டுவது, குண்டு நேராக நிற்கிறதா என்று சுழற்றி அளப்பது. இவற்றையெல்லாம் செய்து பார்த்தேன். நல்ல கோதும் நல்ல அச்சும் இருந்தால் இலக்கில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பனிக்காலம் நீளம்தானே, செய்ய விரும்பினால் செய்யுங்கள்.

கேள்வி: என் கணவர் உங்கள் கட்டுரை வாசித்துவிட்டு பேஸ்மென்றில் ஒரு மேசை போட்டுவிட்டார். இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு. வெடிக்குமா? ஈயம் என்று வேறு சொல்கிறார்கள். உண்மையைச் சொல்லுங்கள். (மார்க்கத்திலிருந்து ஒரு தாய்)

பிள்ளை, கணவருக்கு நான் எழுதியதற்கு மன்னிக்கவும், உங்களுக்கு வடிவாகவே எழுதுகிறேன்.

புகையில்லா மருந்து திறந்த வெளியில் தீப்பிடித்தால் சீறி எரியும், குண்டுபோல் வெடிக்காது. இறுக்கமான இரும்புப் பெட்டிக்குள் அடைத்து வைத்தால்தான் ஆபத்து. ஆகவே அது வந்த கலத்திலேயே இருக்க வேண்டும், பெயர்ச்சீட்டோடு. போத்தலில் ஊற்றி வைப்பது, இரண்டு மருந்து மீதியை ஒன்றாகக் கொட்டுவது இரண்டும் கூடவே கூடாது. பிறைமர்தான் உண்மையில் பயப்பட வேண்டிய பொருள். அது அடிபட்டால் வெடிக்கும், ஒன்று வெடித்தால் பக்கத்தில் உள்ளவையும் வெடிக்கலாம். அதனால் அதுவும் வந்த பெட்டியிலேயே இருக்கட்டும், மருந்துக்குத் தள்ளி. இரண்டையும் பூட்டுங்கள். வீட்டில் எவ்வளவு வைத்திருக்கலாம் என்பதற்கு 2013 வெடிபொருள் ஒழுங்குவிதிகளில் வரம்பு இருக்கிறது. தனி வீட்டுக்கு ஒரு வரம்பு, அடுக்குமாடிக்கும் ஒட்டிய வீட்டுக்கும் வேறு. கணவரை அதை வாசித்து உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள்.

ஈயம் உண்மையான பிரச்சினை. பலர் குண்டைத்தான் நினைக்கிறார்கள். செப்பு மூடிய குண்டைத் தொடுவதால் பெரிய பாதிப்பில்லை. சுட்ட கோதின் உள்ளே இருக்கும் கரியில்தான் பிறைமரிலிருந்து வந்த ஈயம் இருக்கிறது. அந்தக் கோதுகளை உமி போன்ற ஒன்றோடு போட்டு அதிரவைத்துத் துப்புரவாக்கும் இயந்திரம் ஒன்று உண்டு. அதன் மூடியைத் திறக்கும்போது எழும் தூசியைத்தான் பிள்ளைகள் சுவாசிக்கக் கூடாது. அந்த வேலை வீட்டுக்குள் வேண்டாம், அல்லது தண்ணீரில் கழுவும் முறைக்கு மாறட்டும். மேசையில் தேத்தண்ணீர், மிக்சர் ஒன்றும் வைக்கக் கூடாது. வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். அந்த உடுப்போடு பிள்ளைகளைத் தூக்கக் கூடாது. கீழே விரிப்பு இருந்தால் எடுத்துவிடுங்கள், ஈரத்துணியால் துடைக்கக்கூடிய தரை நல்லது. வருசத்துக்கு ஒருமுறை குடும்ப வைத்தியரிடம் இரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்கச் சொல்லலாம். நான் பார்க்கிறேன்.

இன்னொன்று. நிரப்பும் நேரத்தில் அவரோடு கதைக்காதீர்கள். கோபிக்க வேண்டாம், அது அவருக்காகத்தான். ஒரு கோதுக்கு மருந்து போடாமல் விட்டுவிட்டால் பிறைமரின் வேகத்தில் குண்டு குழலின் நடுவில் சிக்கி நிற்கும். அடுத்த ரவையைச் சுட்டால் குழல் பிளக்கும். ஆகவே அந்த நேரத்தில் தொலைபேசியும் வேண்டாம், தொலைக்காட்சியில் கிரிக்கெட்டும் வேண்டாம்.

கேள்வி: துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த சனம் நாங்கள். உங்களுக்கு இது எப்படி விளையாட்டாக இருக்கிறது? (பிரம்டனிலிருந்து ஒரு வாசகர்)

நானும் அந்தச் சத்தத்துக்குள்ளிருந்து வந்தவன்தான். முதல் தடவை கூட வேலை செய்தவர் ஒருவர் வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனார். சுடும் வரிசையில் எல்லோரும் போல்றைக் கழற்றிவிட்டு, ஒரு கட்டளைக்கு எழும்பி, ஒரு கட்டளைக்குப் படுத்ததைப் பார்த்தேன். சிவப்புக் கொடி ஏறினால் ஒருவரும் றைபிளைத் தொடுவதில்லை. எனக்குத் தெரிந்த துவக்குக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று பட்டது. அதற்குப் பிறகும் நீண்ட காலம் பக்கத்து மேடையில் திடீரென்று வெடித்தால் உடம்பு குலுங்கும். இப்போதும் சில நாள் குலுங்கும். உங்களுக்குப் பிடிக்காது என்றால் எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. என் மனைவிக்கும் பிடிக்காது.

கேள்வி: என் மகள் 50 மீற்றர் .22 றைபிள் பயிற்சிக்குப் போகிறாள். அவளுக்கும் வீட்டில் ரவை நிரப்பினால் மலிவாகவும் துல்லியமாகவும் இருக்குமா? (திருச்சியிலிருந்து ஒரு தந்தை)

இரண்டு காரணத்துக்காக வேண்டாம். ஒன்று சட்டம். இந்தியாவில் உரிமம் இல்லாமல் ரவை தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டத்தின்படி குற்றம். மேலே எழுதியதெல்லாம் கனடாவுக்கானது.

மற்றது, .22-ஐ நிரப்புவது நடைமுறைக்கு ஒத்துவராது. அதில் தனிப் பிறைமர் கிடையாது. தீப்பற்றும் கலவையை ஈரமாகக் கோதின் விளிம்புக்குள் சுழற்றி ஏற்றுகிறார்கள். சுட்டதும் விளிம்பு நசுங்கிவிடும், கோதின் கதை அதோடு முடிந்தது.

ஆனால் துல்லியத்துக்கு வேறு வழி இருக்கிறது. அதைத்தான் ஒலிம்பிக் மட்டத்தில் செய்கிறார்கள். எலி, லபுவா, ஆர்டபிள்யூஎஸ் போன்ற நிறுவனங்களின் ஒரே பெயருள்ள ரவையிலும் ஒவ்வொரு தொகுதியும் கொஞ்சம் வேறுபடும். ஒரு குழலுக்கு ஒரு தொகுதி பிடிக்கும், பக்கத்துக் குழலுக்குப் பிடிக்காது. இங்கிலாந்தில் பேர்மிங்காம் அருகே எலியிலும், ஜேர்மனியில் ஷூனபெக்கில் லபுவாவிலும் உங்கள் றைபிளைக் கவ்வியில் பூட்டித் தொகுதி தொகுதியாகச் சுட்டுப் பார்த்து, பொருந்துவதை மொத்தமாக வாங்கலாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியது இந்த .22-இல்தான், 50 மீற்றர் மூன்று நிலைப் போட்டியில்.

மகள் இப்போதுதான் தொடங்கியிருக்கிறாள் என்றால் ஜேர்மனி எல்லாம் வேண்டாம். கழகத்தில் கிடைக்கும் இரண்டு மூன்று தொகுதியில் நாற்பது நாற்பது வெடியாகச் சாய்மானத்தில் வைத்துச் சுட்டுப் பாருங்கள். பத்து வெடியில் முடிவு சொல்லும் பயிற்றுநரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

கேள்வி: 6.5 கிரீட்மோர் ரவை என்கிறார்களே, கிரீட்மோர் யார்? (ஒட்டாவாவிலிருந்து ஒரு மாணவர்)

ஆள் இல்லை, இடம். நியூயோர்க்கில் லோங் ஐலண்டில் 1873-இல் திறந்த சுடுதளம். கிரீட் குடும்பத்தின் பண்ணையை வாங்கி அமைத்தபடியால் அந்தப் பெயர். அடுத்த வருசம் அயர்லாந்து அணி அங்கே போய் அமெரிக்க அணியோடு 800, 900, 1000 யாரில் மோதியது. அயர்லாந்துக்காரர் வாய்வழியே மருந்து ஊற்றும் றிக்பி றைபிளோடு வந்தார்கள். அமெரிக்கர்கள் பின்புறம் ரவை போடும் றெமிங்ரனும் ஷார்ப்ஸும் வைத்திருந்தார்கள். முடிவு 934-க்கு 931, அமெரிக்கா வென்றது. அயர்லாந்தின் மில்னர் ஒரு வெடியை நடுவில் வைத்தார், ஆனால் பக்கத்து இலக்கின் நடுவில்! அதற்குப் புள்ளி இல்லை. அந்தக் காலத்தில் நடுவுக்கு 4 புள்ளி. கூட்டிப் பாருங்கள். ரவை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இலக்கு எண்ணை இரண்டு தடவை பார்த்துவிட்டுச் சுடுவதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா? ஹோர்னடி நிறுவனம் 2007-இல் தன் புது ரவைக்கு அந்தத் தளத்தின் பெயரை வைத்தது.

கேள்வி: ஏப்ரலில் சரியாக இருந்த ரவை ஓகஸ்டில் மேலே அடிக்கிறது. போல்றும் இறுகுகிறது. (பரியிலிருந்து ஒரு வாசகர்)

வெயில். மருந்து சூடானால் வேகமாக எரியும், அழுத்தம் ஏறும். ஏப்ரலில் எல்லைக்குப் பக்கத்தில் நின்ற அளவு ஓகஸ்டில் எல்லையைக் கடந்துவிட்டது. போல்ற் இறுகினால் அன்றைக்குச் சுடுவதை நிறுத்திவிட்டு, மருந்தைக் குறைத்து மறுபடி நிரப்புங்கள். வெப்பநிலையால் அதிகம் மாறாத மருந்துகளும் இருக்கின்றன. வார்கெற்றை அதற்காகத்தான் பலர் தேடுகிறார்கள். அவுஸ்திரேலியாவில் முல்வாலாவில் செய்வது, வெயிலைப் பற்றி அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் பெட்டியைக் காருக்குள் விடாதீர்கள், நிழலில் ஒரு துவாயால் மூடி வையுங்கள். சூடான குழலுக்குள் ரவையைப் போட்டுவிட்டுக் காற்றுக்காக ஒரு நிமிடம் காத்திருந்தால் அதுவும் வெந்துவிடும். சுடத் தயாரான பிறகு உள்ளே போடுங்கள்.

கேள்வி: இவ்வளவு மினக்கெட்டு ரவை செய்தால் காற்றைச் சமாளித்துவிடலாமா? (ஹமில்ரனிலிருந்து ஒரு வாசகர்)

முடியாது. நான் சொன்ன .308 குண்டை, குறுக்கே மணிக்கு ஒரே ஒரு மைல் வேகத்தில் வீசும் காற்று 1000 யாரில் ஒன்பது பத்து அங்குலம் தள்ளிவிடும். முகத்தில் காற்றுப் படுகிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுதான் அது. வட்டத்தின் ஆரம் 5 அங்குலம். மேசையில் மாதக்கணக்காகப் பாடுபட்டுச் சேர்த்ததெல்லாம் கொடி ஒரு தடவை தாழ்ந்து எழும்பியதைக் கவனிக்காவிட்டால் போய்விடும். ஒட்டாவா ஆற்றோரத்தில் கனோட் தளத்தில் சுட்டவர்களுக்கு இது விளங்கும். தூரத்துக் கொடி ஒரு பக்கம், பக்கத்துக் கொடி மறுபக்கம், நடுவில் கானல் மூன்றாவது பக்கம் ஓடும்.

ஆனால் நல்ல ரவை ஒன்று செய்யும். உயரத்தை ஒரே கோட்டில் வைத்திருக்கும். அப்போது இலக்கில் தெரியும் இடம் வலம் எல்லாம் காற்றினுடையது என்று நிச்சயமாகத் தெரியும். உயரமும் சிதறினால் எது உங்கள் பிழை, எது காற்று, எது ரவை என்று பிரிக்கவே முடியாது, எதையும் படிக்கவும் முடியாது. அதனால்தான் மேசையில் உட்காருகிறேன். உயரம் ஒழுங்கானதும் எழும்பிவிட வேண்டும். குழலும் சாகாவரம் பெற்றதில்லை. .308 குழல் பொதுவாகச் சில ஆயிரம் வெடி தாங்கும், 6.5 கிரீட்மோர் அதைவிடக் குறைவு. சோதனையிலேயே குழலைத் தேய்த்துவிட்டுப் போட்டிக்குப் புதுக் குழல் தேடுபவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: எனக்கு றைபிளும் இல்லை, உரிமமும் இல்லை. பார்க்க வரலாமா? எங்கே தொடங்குவது? (ஏஜக்சிலிருந்து ஒரு வாசகர்)

வாருங்கள். 1868-இல் தொடங்கிய டொமினியன் ஒப் கனடா றைபிள் அசோசியேசன் ஓகஸ்டில் கனோட்டில் தேசியப் போட்டி நடத்துகிறது. எப்-கிளாஸ் முறையை உருவாக்கிய ஜோர்ஜ் பார்க்குவர்சனும் கனடாக்காரர்தான், அந்த 'எப்' அவர் பெயரிலிருந்து வந்தது. வயதாகிக் கண்ணும் தோளும் ஒத்துழைக்காதவர்கள் தொலைநோக்கியும் சாய்மானமும் வைத்துச் சுடட்டும் என்று தொடங்கியது, இப்போது இளைஞர்கள் வந்து எங்களை வெல்கிறார்கள். உங்கள் பக்கத்துக்கு ஒன்ராறியோ றைபிள் அசோசியேசன் கிட்ட. உரிமத்துக்கு முதலில் கனேடியத் துவக்குப் பாதுகாப்புப் பாடநெறி முடிக்க வேண்டும். அதற்கு முன்பே பார்வையாளராக வரலாமா என்று கழகத்துக்கு எழுதிக் கேளுங்கள். காதுக்கவசம், தொப்பி, நிறையத் தண்ணீர் கொண்டு வாருங்கள். றைபிள் வாங்குவதை அடுத்த வருசத்துக்குத் தள்ளிப்போடுங்கள். ரவை நிரப்பும் சாமான்களை அதற்கும் அடுத்த வருசத்துக்கு.